யுசாகி மதிப்புரை: பெயர் பார்க்கத் தெரியும், யூனிட் பார்க்கத் தெரியாது

ஒரு லேப் சாஃப்ட்வேரில் ‘ஜி.எல்.யூ.’ என்று ஒரு டெஸ்ட் குறியீடு இருக்கிறது. அது ரத்தச் சர்க்கரையா, சிறுநீர்ச் சர்க்கரையா, வெறும் வயிற்றில் எடுத்ததா, சாப்பிட்ட பிறகு எடுத்ததா, முடிவு மில்லிகிராமில் வருகிறதா, மில்லிமோலில் வருகிறதா என்பதெல்லாம் அந்த லேபில் உட்கார்ந்திருப்பவருக்கு மனப்பாடம். அதே தரவை வேறு நான்கு மருத்துவமனைகளின் தரவோடு சேர்த்து ஆராய்ச்சிக்கு எடுக்கும்போது அவருடைய மனப்பாடம் கூடவே வருவதில்லை. குறியீடு மட்டும்தான் வருகிறது. அதை எல்லோருக்கும் ஒரே பொருள் தரும் ஓமாப் கான்செப்ட்டாக (மருத்துவத் தரவை ஒரே வடிவில் வைக்கும் ஓமாப் என்ற பொது மாதிரியின் எண்ணிட்ட கருத்தாக) மாற்றுவதற்கு, மருத்துவத் தரவு ஆராய்ச்சியாளர்களின் கூட்டமைப்பான ஒடிசி சமூகம் இலவசமாகத் தரும் கருவிதான் யுசாகி. யுசாகி என்றால் ஜப்பானிய மொழியில் முயல். ஒரு ஜப்பானியத் தரவுத்தொகுப்பின் குறியீடுகளை ஓமாப்புக்குக் கொண்டுவரத்தான் இதை முதலில் பயன்படுத்தினார்கள், பெயரும் அப்படி வந்ததுதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சொற்களை ஒப்பிட்டுத் தேடித் தருவதில் யுசாகி கெட்டி. இலவசமாகக் கிடைப்பவற்றில் இந்த வேலைக்கு முதலில் எடுக்க வேண்டியது இதைத்தான். ஆனால் லேப் டெஸ்டின் பொருளில் பாதிதான் பெயரில் இருக்கிறது. மீதிப் பாதி சாம்பிளிலும் யூனிட்டிலும் செய்முறையிலும் இருக்கிறது. அந்த மீதியை நாம் எழுதிக் கொடுத்தால் ஒழிய யுசாகிக்குத் தெரியாது. எழுதிக் கொடுக்காமல், அது காட்டும் முதல் பொருத்தத்தையே ஒப்புக்கொண்டு போனால், பார்க்க ஒழுங்காகவும் உள்ளே தவறாகவும் ஒரு மேப்பிங் (எந்தக் குறியீட்டுக்கு எந்தக் கான்செப்ட் என்ற பொருத்தம்) கிடைக்கும். வெறும் பட்டியலைவிட அது ஆபத்தானது.

உங்களுக்கு இது தேவையா?

லேபிலிருந்து வரும் தரவில் ஏற்கெனவே லாயிங்க் எண்கள் (லேப் டெஸ்டுகளுக்கான உலகப் பொது எண்கள்) இருந்தால் யுசாகியைத் திறக்கவே வேண்டாம். ஓமாப் சொற்களஞ்சியங்களைத் தரும் ஏத்தீனா தளத்திலிருந்து இறக்கிய சொற்களஞ்சியத்தில் லாயிங்க் எண்ணைத் தேடி, ‘மேப்ஸ் டு’ என்ற உறவைப் பின்தொடர்ந்தால் ஸ்டாண்டர்ட் கான்செப்ட் (ஆராய்ச்சிக்குப் பயன்படுத்த வேண்டியது என்று ஓமாப் குறித்த கான்செப்ட்) எண் நேராகக் கிடைத்துவிடும். உதாரணமாக, சீரம் அல்லது பிளாஸ்மா குளுக்கோஸுக்கான 2345-7 என்ற லாயிங்க் எண் 3004501 என்ற கான்செப்ட். சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி-க்கான 4548-4 என்பது 3004410. ரத்த ஹீமோகுளோபினுக்கான 718-7 என்பது 3000963. இதில் தேடலுக்கும் ஊகத்துக்கும் இடமே இல்லை. டேட்டாபேஸில் தேடும் மொழியான எஸ்.க்யூ.எல்.லில் நான்கு வரி போதும்.

லேப் எழுதி வைத்திருக்கும் லாயிங்க் எண் சரிதானா என்பது வேறு கேள்வி. அதற்கும் யுசாகி பதில் சொல்லாது. யூனிட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், அதைக் கீழே பார்ப்போம்.

உள்ளூர்க் குறியீடும் ஒரு பெயரும் மட்டுமே கையில் இருக்கும்போதுதான் யுசாகியின் வேலை தொடங்குகிறது. அதற்கு முன் லாயிங்க் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கையோடு தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் உள்ள ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனம் 1994-ல் தொடங்கியது இது. ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஆறு விவரங்கள் இருக்கும்: எதை அளக்கிறோம், எந்த வகை அளவு, ஒரே நேரத்து மாதிரியா 24 மணி நேரச் சேகரிப்பா, எந்தச் சாம்பிள், முடிவு எண்ணாக வருமா ‘உண்டு, இல்லை’ என்று வருமா, எந்த முறை. இந்த ஆறில் ஒன்று மாறினாலும் எண் மாறும். எண்ணுக்கு என்று தனியாக ஒரு பொருளும் கிடையாது. 2160-0 சீரம் கிரியாட்டினின். அடுத்த எண்ணான 2161-8 சிறுநீர்க் கிரியாட்டினின். பக்கத்துப் பக்கத்து எண் என்பதால் பொருளும் பக்கத்தில்தான் இருக்கும் என்று நினைத்தால் கதை கந்தல்.

நிறுவுதல்

இது ஜாவாவில் எழுதப்பட்ட டெஸ்க்டாப் மென்பொருள். ஜாவா 8 அல்லது அதற்கு மேல் இருந்தால் போதும். இணையம் இல்லாமலே ஓடும், தரவு உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது. மருத்துவமனைத் தரவுடன் வேலை செய்கிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. பல இடங்களில் இந்த ஒரு காரணத்துக்காகவே அனுமதி கிடைத்துவிடும்.

முதல் முறை திறக்கும்போது தேடலுக்கான இண்டெக்ஸ் இருக்காது. ஏத்தீனாவில் இலவசக் கணக்கு தொடங்கி, தேவையான சொற்களஞ்சியங்களைத் தேர்ந்தெடுத்து ஜிப் கோப்பாக இறக்க வேண்டும். லேப் வேலைக்கு லாயிங்க், பொது மருத்துவச் சொற்களுக்கான ஸ்னோமெட், யூனிட்டுகளுக்கான யூகம் (UCUM) ஆகிய மூன்றும் கட்டாயம். கோப்பை விரித்து, யுசாகியின் உதவி மெனுவில் இண்டெக்ஸை மறுபடி கட்டும் கட்டளையைக் கொடுத்து, அந்த ஃபோல்டரைக் காட்டினால் போதும். பிறகு காத்திருக்க வேண்டும். தேர்ந்தெடுத்த சொற்களஞ்சியம் பெரிதாக இருந்தால் நல்ல நேரம் பிடிக்கும். பாதியில் நின்றுவிட்டால் பெரும்பாலும் நினைவகப் பற்றாக்குறைதான் காரணம். ஐகானை டபுள் கிளிக் செய்யாமல், கட்டளை வரியில் ஜாவாவுக்குக் கூடுதல் நினைவகம் ஒதுக்கித் தொடங்கினால் சரியாகிவிடும். தேவையில்லாத சொற்களஞ்சியங்களை ஏத்தீனாவிலேயே கழித்துவிட்டால் இண்டெக்ஸும் சின்னதாகும், தேடலில் வரும் குப்பையும் குறையும்.

ஒரு சின்ன விஷயம். ஏத்தீனா தரும் கோப்புகளின் பெயர் சி.எஸ்.வி. என்று முடியும், ஆனால் உள்ளே பிரிப்பது காற்புள்ளி இல்லை, டேப். வேறு மென்பொருளில் ஏற்றும்போது இதைச் சொல்ல மறந்தால் எல்லாமே ஒரே நெடுவரிசையில் போய் விழும்.

எக்செல்லைத் திறக்காதீர்கள்

இந்த மதிப்புரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். உள்ளூர்க் குறியீட்டுப் பட்டியலிலோ, சரிபார்க்க அனுப்பிய பட்டியலிலோ லாயிங்க் எண்கள் இருந்து, யாராவது அதை எக்செல்லில் டபுள் கிளிக் செய்து திறந்து, ஒரு வரியைத் திருத்திச் சேமித்தால் எண்கள் தேதியாகிவிடும். 1920-8 என்பது ஏ.எஸ்.டி. என்ற கல்லீரல் டெஸ்ட். எக்செல்லுக்கு அது 1920-ஆம் ஆண்டு எட்டாம் மாதம். ‘ஆகஸ்ட் 20’ என்று காட்டும். மொத்த பிலிருபினான 1975-2 ‘பிப்ரவரி 75’ ஆகும். மொத்தக் கொலஸ்டிராலான 2093-3 ‘மார்ச் 93’ ஆகும். குளுக்கோஸின் 2345-7 கூடத் தப்பாது. எக்செல்லுக்கு 9999 வரை ஆண்டுதான், எனவே ‘ஜூலை 45’.

சி.எஸ்.வி.யாகச் சேமிக்கும்போது திரையில் தெரிவதுதான் கோப்பில் எழுதப்படும். அதாவது நூற்றாண்டு போய்விடும். ‘ஜூலை 45’ என்பதிலிருந்து 2345-ஐ மீட்டெடுக்க வழியே இல்லை, மூலக் கோப்பு வேண்டும். இதில் இன்னும் மோசம், எல்லா எண்களும் மாறாது என்பது. 718-7 மாறாது, ஏனென்றால் எக்செல்லின் ஆண்டுக் கணக்கு 1900-ல்தான் தொடங்குகிறது. 17856-6 மாறாது, அது ஐந்து இலக்கம். 2160-0 மாறாது, பூஜ்ஜியமாவது மாதம் கிடையாது. எனவே மேலோட்டமாகப் பத்து வரி பார்த்தால் ஒழுங்காக இருப்பதுபோலவே தோன்றும்.

டேட்டாபேஸிலிருந்து நேரே சி.எஸ்.வி. எடுத்து யுசாகிக்குக் கொடுங்கள். எக்செல்லில் பார்த்தே ஆக வேண்டும் என்றால், கோப்பை ‘டேட்டா’ மெனு வழியாக உள்ளே கொண்டுவந்து அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று குறியுங்கள். திரும்பி வந்த கோப்பில் ஒவ்வொரு எண்ணின் சோதனை இலக்கத்தையும் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். கோடுக்குப் பின்னால் வரும் ஒற்றை இலக்கம்தான் அது. 2345-ஐ எடுத்துக்கொள்வோம். வலக்கோடியிலிருந்து ஒன்று விட்டு ஒன்றை இரட்டிப்பாக்க வேண்டும்: 5 பத்தாகிறது, இலக்கங்களைக் கூட்டினால் 1. அடுத்த 4 அப்படியே. 3 ஆறாகிறது. 2 அப்படியே. கூட்டுத்தொகை 13. அடுத்த பத்தின் மடங்கான 20-க்கு 7 தேவை. 2345-7 சரி. கைதவறித் தட்டிய எண்களையும் இலக்கம் இடம் மாறிய எண்களையும் இந்தச் சின்னக் கணக்கு பெரும்பாலும் பிடித்துக்கொடுத்துவிடும்.

பெயரைத் தயார் செய்வது

யுசாகி பயன்படுத்துவது லூசீன் என்ற தேடல் இயந்திரம். நீங்கள் தரும் பெயரில் உள்ள சொற்களையும், கான்செப்ட்டின் பெயர், மாற்றுப் பெயர்களில் உள்ள சொற்களையும் ஒப்பிட்டு, 0-விலிருந்து 1 வரை ஒரு மதிப்பெண் போடும். அரிதான சொல் பொருந்தினால் மதிப்பெண் கூடும், எங்கும் வரும் சொல் பொருந்தினால் அவ்வளவாகக் கூடாது. அவ்வளவுதான் அதன் அறிவு. இண்டெக்ஸில் இருப்பது ஆங்கிலப் பெயர்கள், எனவே வேறு மொழியில் இருக்கும் டெஸ்ட் பெயர்களை முன்பே ஆங்கிலமாக்கிவிட வேண்டும்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். லேப் அட்டவணையிலிருந்து குறியீடு, பெயர் இரண்டை மட்டும் எடுத்து ஏற்றிவிடுகிறார்கள். சாம்பிளும் யூனிட்டும் வேறு நெடுவரிசையில் அப்படியே கிடக்கும். ஏற்றுவதற்கு முன் பெயர், சாம்பிள், யூனிட் மூன்றையும் ஒரே வாசகமாகச் சேர்த்துவிடுங்கள். அதையும் லாயிங்க் எழுதும் பாணியிலேயே எழுதுங்கள். யூனிட் மி.கி./டெ.லி. என்றால் ‘மாஸ் பர் வால்யூம்’ என்ற லாயிங்க் சொற்கள். மி.மோல்/லி. என்றால் ‘மோல்ஸ் பர் வால்யூம்’. யூனிட்/லிட்டர் என்றால் ‘என்சைமாட்டிக் ஆக்டிவிட்டி பர் வால்யூம்’. ‘உண்டு, இல்லை’, ஒரு பிளஸ், இரண்டு பிளஸ் என்று வரும் முடிவுகளுக்கு ‘பிரசன்ஸ்’. சாம்பிள் சீரமாக இருந்தால் ‘சீரம் ஆர் பிளாஸ்மா’ என்றே எழுதுங்கள், லாயிங்கின் பெரும்பாலான வேதியியல் டெஸ்டுகளில் இரண்டும் சேர்ந்துதான் இருக்கும். இந்த மாற்றத்தைச் செய்ய ஒரு சின்ன அட்டவணையும் சில வரி ஸ்கிரிப்டும் போதும். அதற்குப் பிறகு முதல் பரிந்துரையே சரியாக இருக்கும் வரிகள் கணிசமாகக் கூடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

#, % போன்ற குறிகளைச் சொல்லாக விரித்து எழுதுங்கள். சொல்தேடலில் குறிகளை நம்பக்கூடாது. லேபுக்குள் மட்டும் புழங்கும் சுருக்கங்களையும் விரித்துவிடுங்கள். ‘எஃப்.பி.எஸ்.’ என்றால் ஃபாஸ்டிங் குளுக்கோஸ் என்பது நமக்குத் தெரியும், எல்லாச் சுருக்கமும் சொற்களஞ்சியத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இன்னொரு நெடுவரிசையும் கட்டாயம்: அந்தக் குறியீடு தரவில் எத்தனை முறை வந்திருக்கிறது என்ற எண்ணிக்கை. ஏன் என்பது அடுத்து வருகிறது.

திரைக்குள்

ஏற்றும்போது எது குறியீடு, எது பெயர், எது எண்ணிக்கை, எவை கூடுதல் தகவல் என்று யுசாகி கேட்கும். கூடுதல் தகவலில் சராசரி, குறைந்த, அதிக மதிப்புகளைச் சேர்த்துவிட்டால், பிறகு ஒப்புதல் தரும்போது கண்ணெதிரே இருக்கும். இது அவசியம் செய்ய வேண்டிய காரியம். அதே திரையில் வடிகட்டிகளும் இருக்கின்றன. ஸ்டாண்டர்ட் கான்செப்ட்டுகள் மட்டும், டொமைன் (கான்செப்ட்டின் வகை) மெஷர்மென்ட், அதாவது அளவீடு மட்டும், சொற்களஞ்சியம் லாயிங்க் மட்டும் என்று மூன்றையும் போட்டுவிடுங்கள். போடாவிட்டால் ‘குளுக்கோஸ்’ என்ற பெயருக்கு மருந்து வகையிலிருந்தும் பரிந்துரை வரும்.

மேலே முழுப் பட்டியல், நடுவே தேர்ந்தெடுத்த வரியும் அதன் இலக்குக் கான்செப்ட்டும், கீழே தேடல் பெட்டியும் முடிவுகளும். மூலப் பெயரை வைத்தே தேடலாம், நம் சொல்லைத் தட்டியும் தேடலாம். பிடித்ததை மாற்றாகப் போடலாம், இரண்டாவது இலக்காகச் சேர்க்கலாம், பிறகு ஒப்புதல் கொடுக்கலாம். சந்தேகம் உள்ளதைக் கொடியிட்டு வைக்கலாம். பொருத்தம் சமமானதா, இலக்கு அகலமா குறுகலா என்றும் குறிக்கலாம். யார், எப்போது ஒப்புதல் கொடுத்தார் என்பதும் கோப்பில் பதிவாகும். வடிவமைப்பு பழைய பாணிதான், ஆனால் ஒரு நாள் பழகினால் கை தானாக ஓடும்.

அடிக்கோடியில் எத்தனை குறியீடுகளுக்கு ஒப்புதல் முடிந்தது, அவை மொத்த எண்ணிக்கையில் எத்தனை சதவீதம் என்று ஓடிக்கொண்டே இருக்கும். யுசாகியில் மிகப் பயனுள்ள ஒற்றை வரி இதுதான். பட்டியலை எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் வைத்துக்கொண்டு மேலிருந்து வேலை பாருங்கள். லேப் தரவில் சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின், ரத்த அணு எண்ணிக்கை போன்ற சில நூறு டெஸ்டுகள்தான் பெரும்பகுதி வரிகளை அடைத்துக்கொண்டிருக்கும். ஆண்டுக்கு மூன்று முறை வரும் அபூர்வ டெஸ்டில் அரைநாள் செலவழிப்பதைவிட, அந்த ஆராய்ச்சிக்கு அது தேவையில்லை என்றால் 0 என்று விட்டுவிடுவது நேர்மையான முடிவு. ஓமாப்பில் 0 என்றால் பொருத்தம் இல்லை என்று பொருள். தவறான எண்ணைவிட 0 எவ்வளவோ மேல்.

பட்டியலை மதிப்பெண் வரிசையில் வைத்து, மேலே இருப்பதையெல்லாம் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒப்புதல் கொடுக்கும் வசதியும் இருக்கிறது. லேப் டெஸ்டுகளுக்கு அதைத் தொடாதீர்கள். மதிப்பெண் 1-க்கு அருகில் இருப்பது சொற்கள் பொருந்துகின்றன என்பதற்கு மட்டுமே சாட்சி.

எங்கே தவறுகிறது

குளுக்கோஸில் தொடங்குவோம். 2345-7 எடை அடிப்படையிலானது, 14749-6 மோல் அடிப்படையிலானது. இரண்டுமே சீரம் அல்லது பிளாஸ்மா. முடிவு 5.4 என்று வரும் லேபின் குறியீடு 2345-7-க்குப் போய்விட்டால், மி.கி./டெ.லி. என்று நினைத்து ஆராய்பவருக்கு அந்த நோயாளிகள் எல்லோரும் உயிரோடிருக்க வாய்ப்பில்லாதவர்கள். உண்மையில் 5.4-ஐ 18-ஆல் பெருக்கினால் 97, நலமானவர்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு 1558-6 என்று தனி எண் உண்டு. லேபுக்கு அது உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அதைப் போடுங்கள்.

எச்.பி.ஏ.1சி-யிலும் இதே கதை. சதவீதத்தில் வருவது 4548-4, மி.மோல்/மோல் என்ற சர்வதேச அலகில் வருவது 59261-8. 7 சதவீதமும் 53 மி.மோல்/மோலும் ஒன்றுதான். 53-ஐச் சதவீதக் கான்செப்ட்டில் ஏற்றிவிட்டால் கருவி எதிர்ப்பே தெரிவிக்காது.

நியூட்ரோஃபில் இன்னும் சிக்கல். ‘நியூட்’ என்று ஒரே பெயரில் இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று சதவீதம், 770-8. மற்றது ரத்தத்தில் உள்ள எண்ணிக்கை, 751-8. இரண்டும் தானியங்கி எண்ணியிலிருந்து வந்தவை. 62 என்றால் சதவீதம், 4.1 என்றால் எண்ணிக்கை என்று மனிதக் கண் ஒரு நொடியில் சொல்லிவிடும். அதனால்தான் சராசரி மதிப்பைத் திரையில் வைத்துக்கொள்ளச் சொன்னது.

பிலிருபின் என்றால் உடனே 1975-2, சீரம் மொத்த பிலிருபின். ஆனால் சிறுநீர் ஸ்ட்ரிப்பில் பார்ப்பது 5770-3, அதன் முடிவு எண் அல்ல. ஸ்ட்ரிப் டெஸ்டுகளின் பெயர்கள் பெரும்பாலும் ரத்த டெஸ்டின் பெயர்களாகவே இருப்பதால், சாம்பிள் சொல்லப்படாத வரிகளில் இந்தத் தவறு கூட்டமாக வரும்.

செய்முறையில் வேறு வகைப் பிழை. ஏ.எல்.டி. என்ற கல்லீரல் டெஸ்டுக்கு 1742-6 முறை சொல்லாத எண். பைரிடாக்சல் பாஸ்பேட் சேர்த்த முறைக்கு 1743-4, சேர்க்காத முறைக்கு 1744-2. லேபின் ரீஏஜெண்ட் தகவல் கையில் இல்லை என்றால் 1742-6-ஐத் தவிர வேறெதையும் தொடக்கூடாது. தெரிந்ததைவிடக் கூடுதலாகச் சொல்வதும் பொய்தான். எல்.டி.எல். கொலஸ்டிராலில் எதிர்ப்பக்க எச்சரிக்கை தேவை: பொது எண் 2089-1, கணக்கிட்டது 13457-7, நேரடியாக அளந்தது 18262-6. எல்.டி.எல்.லைக் கணக்கிடும் ஃப்ரீட்வால்ட் சூத்திரம் ட்ரைகிளிசரைடு 400 மி.கி./டெ.லி.க்கு மேல் போனால் பயன்படாது. எனவே எது கணக்கு, எது அளவு என்று லேபில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும் என்றால், இங்கே ஒரு தொலைபேசி அழைப்பு செலவழிக்கத் தகும்.

பல டெஸ்டுகளைச் சேர்த்து ஆர்டர் செய்யும் பேனல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 24331-1 லிப்பிட் பேனல், அது ஆர்டருக்கான எண். முடிவு வரிகளை அதில் கட்டினால் கொலஸ்டிராலும் ட்ரைகிளிசரைடும் ஒரே கான்செப்ட்டில் கலந்துவிடும், பிறகு பிரிக்க முடியாது.

ஏற்றுமதிக்குப் பிறகு

கோப்பு மெனுவில் ‘சோர்ஸ் டு கான்செப்ட் மேப்’ என்ற அட்டவணையாக ஏற்றுமதி செய்யலாம். உங்கள் சொற்களஞ்சியத்துக்கு ஒரு பெயர் கேட்கும், 20 எழுத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நெடுவரிசையின் நீளம் அவ்வளவுதான். மற்றபடி வரும் அட்டவணை அப்படியே ஏற்றத் தக்கது.

யுசாகியின் வேலை இங்கே முடிகிறது, பொருத்தும் வேலை முடியவில்லை. யூனிட்டுகளைத் தனியாக ஒரு பட்டியலாக்கிப் பொருத்த வேண்டும். மி.கி./டெ.லி. 8840, மி.மோல்/லி. 8753, சதவீதம் 8554, கிராம்/டெ.லி. 8713, யூனிட்/லிட்டர் 8645. ஒரே யூனிட்டை ஒரே லேப் ஏழு விதமாக எழுதியிருக்கும், பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இடைவெளி, புள்ளி என்று. எல்லாவற்றையும் சேகரித்த பிறகே தொடங்குங்கள். ‘0.3-க்கும் குறைவு’ என்ற முடிவில் எண்ணையும் குறியையும் பிரித்து, குறிக்கு 4171756 என்ற கான்செப்ட்டைத் தனி நெடுவரிசையில் போட வேண்டும். குறியை வெட்டி எறிந்துவிட்டு 0.3 என்று ஏற்றுவது தரவைத் திரிப்பது. ‘பாசிட்டிவ்’, ‘நெகட்டிவ்’ என்ற விடைகளும் கான்செப்ட்டுகளாக வேண்டும்: 45884084, 45878583.

டொமைனைப் பாருங்கள். லாயிங்க் எண் என்பதாலேயே எல்லாம் மெஷர்மென்ட் அட்டவணைக்குப் போகாது, சில கான்செப்ட்டுகளின் டொமைன் அப்சர்வேஷன். இலக்குக் கான்செப்ட்டின் டொமைன் எதுவோ அந்த அட்டவணையில்தான் வரி எழுதப்பட வேண்டும். மூலக் குறியீட்டை அதற்கான நெடுவரிசையில் அப்படியே பாதுகாத்து வையுங்கள், நாளை மேப்பிங் மாறும்போது திரும்பிப் போக அதுதான் வழி.

கடைசியாக, ஏற்றிய பிறகு ஒரு பரிசோதனை. ஒவ்வொரு கான்செப்ட், யூனிட் ஜோடிக்கும் நடு மதிப்பையும், 1-ஆவது, 99-ஆவது சதமான (பெர்சென்டைல்) மதிப்புகளையும் எடுங்கள். ஹீமோகுளோபின் கிராம்/டெ.லி.யில் நடு மதிப்பு 130 என்றால் அது உண்மையில் கிராம்/லிட்டர். கிரியாட்டினின் மி.கி./டெ.லி.யில் 80 என்றால் மைக்ரோமோல்/லிட்டர், 88.4-ஆல் வகுத்தால் ஒழுங்காகும். ஒரே ஜோடியில் இரண்டு குவியல்கள் தெரிந்தால் இரண்டு மூலக் குறியீடுகள் ஒன்றில் விழுந்திருக்கின்றன. யுசாகியில் தப்பிய பிழைகளில் பெரும்பாலானவை இந்தச் சோதனையில் சிக்கும்.

சொற்களஞ்சியம் மாறும்போது

லாயிங்க் ஆண்டுக்கு இரண்டு முறை புதிய பதிப்பு வெளியிடுகிறது. ஓமாப் சொற்களஞ்சியமும் மாறிக்கொண்டே இருக்கும். நேற்று ஸ்டாண்டர்டாக இருந்த கான்செப்ட் இன்று அந்தத் தகுதியை இழந்து வேறொன்றைச் சுட்டலாம். புதிய ஏத்தீனா கோப்பால் இண்டெக்ஸைக் கட்டிவிட்டுப் பழைய மேப்பிங் கோப்பைத் திறந்தால், இலக்கு செல்லாதது என்று யுசாகி அந்த வரிகளைத் தனியாகக் குறித்துக் காட்டும். நல்ல வசதி. ஆனால் தானாகத் திருத்தாது, திருத்தவும் கூடாது. ஒவ்வொன்றையும் ஒருவர் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். எந்தப் பதிப்புச் சொற்களஞ்சியத்தில் செய்த மேப்பிங் என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வைப்பது பழக்கமாக வேண்டும்.

மருந்துச் சோதனைத் தரவுக்கு இது பொருந்துமா?

பொருந்தாது, நேரடியாக. மருந்து ஒப்புதலுக்கான தரவு, மருந்துச் சோதனைத் தரவுக்குத் தரநிலை வகுக்கும் சிடிஸ்க் அமைப்பின் எஸ்.டி.டி.எம். வடிவில் போகிறது. அங்கே லேப் பகுதிக்கு எல்.பி. என்று பெயர். ஒவ்வொரு டெஸ்டுக்கும் 8 எழுத்துக்குள் ஒரு சிறு குறியீடு, சாம்பிளும் முறையும் யூனிட்டும் தனித்தனி நெடுவரிசைகளில். குளுக்கோஸுக்கு ஒரே குறியீடுதான். சீரமா சிறுநீரா என்பதைச் சாம்பிள் நெடுவரிசை சொல்லும். அதாவது லாயிங்க் ஒரே எண்ணில் பொதிந்து வைப்பதை எஸ்.டி.டி.எம். பல நெடுவரிசைகளாகப் பிரித்து வைக்கிறது. லாயிங்கிலிருந்து அங்கே போவது எளிது, திரும்பி வருவதற்கு எல்லா நெடுவரிசைகளும் நிரம்பியிருக்க வேண்டும். இதற்கென்று சிடிஸ்க்கே லாயிங்கையும் எல்.பி.யையும் இணைக்கும் பட்டியலை இலவசமாக வெளியிடுகிறது. அந்த வேலைக்கு யுசாகியைவிட அதுதான் சரி. லாயிங்க் எண்ணை எழுத எல்.பி.யிலேயே ஒரு நெடுவரிசை உண்டு, அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அதை எதிர்பார்க்கிறது.

யார் எடுக்கலாம்

சில நூறு முதல் சில ஆயிரம் உள்ளூர்க் குறியீடுகளை ஓமாப்புக்குக் கொண்டுபோக வேண்டிய குழுவுக்கு யுசாகியைத் தயங்காமல் சொல்லலாம். ஆனால் குழுவில் இரண்டு பேர் வேண்டும்: லேபை உள்ளிருந்து தெரிந்த ஒருவர், ஓமாப் தெரிந்த ஒருவர். ஒருவர் ஒப்புதல் கொடுத்ததை மற்றவர் பார்க்க வேண்டும். கோப்பு வெறும் சி.எஸ்.வி. என்பதால் கோப்பு மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் மென்பொருளில் வைத்துக்கொண்டு யார் எதை மாற்றினார் என்று வரி வரியாக ஒப்பிடலாம். லேப் தெரிந்தவர் கிடைக்கவில்லை என்றால், எண்ணிக்கையில் முதல் இருநூறு டெஸ்டுகளின் சாம்பிள், யூனிட், முறை மூன்றையும் லேபிலிருந்து எழுத்தில் வாங்கிய பிறகு யுசாகியைத் திறங்கள்.